பரிசலுக்கும் கட்டுமரத்துக்கும் நடுவே

பரிசலுக்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. மூங்கிலைப் பிளந்து பின்னி, ஒரு காலத்தில் மாட்டுத்தோலும் இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும் போர்த்தி, ஆறேழு அடி விட்டத்தில் செய்கிறார்கள். ஒகேனக்கல், பவானி, கொடுமுடி, கரூர் என்று காவிரி வரும் வழியெல்லாம் மனிதர்களையும் மூட்டைகளையும் ஆடுகளையும் அக்கரை சேர்த்தது அந்த வட்டம்தான். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையை மக்கள் வட்டமான தோல் படகுகளில் கடப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். 500 ஆண்டுகள் ஆகியும் வடிவம் மாறவில்லை.

திருச்சியிலிருந்து கிழக்கே 150 கி.மீ. போனால் நாகப்பட்டினம். அங்கே கடல்மேல் போன மனிதர் தேர்ந்தெடுத்தது இதற்கு நேர்மாறான வடிவம். நீளமான மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டி, மூக்கை மட்டும் மேல்நோக்கிச் செதுக்கிய கட்டுமரம். அலை மேலே ஏறினால் இடுக்கு வழியாக வடிந்துவிடும். மண்டியிட்டோ நின்றோ துடுப்பு போடலாம். ஒரே தமிழ்நாட்டில், ஒரே ஆறு போய்ச் சேரும் கடலுக்கும் அந்த ஆற்றுக்கும் இவ்வளவு வேறான இரண்டு வடிவங்கள் ஏன் என்ற கேள்விக்கு இயற்பியலில் தெளிவான விடை இருக்கிறது.

அந்த விடை இன்று புதிதாக ஒருவருக்குத் தேவைப்படுகிறது. நின்றபடியே துடுப்பு வலித்துப் போகும் பேடில் போர்டு, சுருக்கமாக சப், ஹவாயிலிருந்து உலகெங்கும் பரவி நம் கடற்கரைக்கும் வந்துவிட்டது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் அதில் தேர்ந்துவிட்டார்கள். அந்த ஊரின் சேகர் பச்சை தேசியப் போட்டிகளில் வென்றவர். காற்றடைத்து, சுருட்டி, முதுகில் மாட்டிக்கொள்ளும் பலகைகள் வந்தபின் கடல் இல்லாத ஊர்க்காரருக்கும் ஆசை வருகிறது. ஸ்ரீரங்கத்தைச் சுற்றி இரண்டு ஆறு, திருச்சியைச் சுற்றி ஏரிகள். பலகை வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் உயரத்தைக் கேட்பார், எடையைக் கேட்பார். எந்தத் தண்ணீர், எந்த மாதம் என்று கேட்பவர் குறைவு. என் பார்வையில் முதலில் கேட்க வேண்டியவை அந்த இரண்டும்தான்.

வட்டத்திலிருந்தே தொடங்குவோம். ஆற்றில் தண்ணீர் எங்கும் ஒரே வேகத்தில் ஓடாது. நடுவில் இழுப்பு, பாறைக்கோ பாலத்தூணுக்கோ பின்னால் எதிர்நீர், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. மூன்றேகால் மீட்டர் நீளப் பலகை ஒன்று அந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று வையுங்கள். மூக்கு ஓடும் நீரில், வால் நிற்கும் நீரில். ஓட்டம் மூக்கை மட்டும் பிடித்துத் தள்ளும். பலகை எவ்வளவு நீளமோ அவ்வளவு நெம்புகோல் நீளம்; பலகை சட்டென்று திரும்பும், நிற்பவர் விழுவார். பரிசலுக்கு இந்தத் தொல்லை குறைவு. விட்டம் இரண்டு மீட்டர்தான் என்பதால் இரு ஓரங்களுக்கும் இடையே வேக வேறுபாடு சிறியது. மீறிச் சுழன்றாலும் கெடுவது ஒன்றுமில்லை, எந்தப் பக்கம் முன்னே வந்தாலும் அதே வட்டம். பரிசல்காரர் ஒரு முனையில் குந்தி, துடுப்பைத் தனக்கு முன்னால் நீரில் இழுத்து இழுத்துப் போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அவர் பரிசலைத் தள்ளுவதில்லை, முன்னோக்கி இழுக்கிறார். பின்னாலிருந்து தள்ளினால் அது சுற்றத்தான் செய்யும்.

இந்த வசதிக்கு வட்டம் கொடுக்கும் விலை வேகம். எதிர்நீச்சல் அதற்கு ஆகாது. பரிசல்காரர்கள் ஓட்டத்தோடு இறங்கி, திரும்பும்போது பரிசலைத் தலையில் கவிழ்த்துக் கரையோரம் நடப்பார்கள். யூப்ரடீஸ் ஆற்றில் பாபிலோனுக்குச் சரக்கோடு வந்த வட்டத் தோல் படகுகளைப் பற்றி ஹெரோடோட்டஸ் எழுதியதும் இதைத்தான். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதையை ஏற்றி வருவார்களாம். ஊர் சேர்ந்ததும் சரக்கையும் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலைக் கழுதை மேல் போட்டு நடந்தே வடக்கே திரும்புவார்களாம். ஆறு ஒரு திசையில் மட்டும் உதவும் என்பதை ஏற்றுக்கொண்ட வடிவம் அது.

வேகத்துக்கும் நீளத்துக்கும் என்ன உறவு என்பதைக் கணக்காகச் சொன்னவர் வில்லியம் ஃபிரௌட். 1867இல் இங்கிலாந்தின் டார்ட் ஆற்றில் அவர் இரண்டு வகை மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்தார். கூர்மூக்குள்ளதற்கு ரேவன் என்றும் மொண்ணை மூக்குள்ளதற்கு ஸ்வான் என்றும் பெயர். ஒவ்வொன்றிலும் 3, 6, 12 அடியில் மூன்று. கூர்மூக்குதான் எப்போதும் வெல்லும் என்பது அன்றைய நம்பிக்கை. மெதுவாக இழுத்தபோது ரேவன் எளிதாக வந்தது. வேகத்தைக் கூட்டியபோது ஸ்வான் முந்தியது. எல்லா வேகத்துக்கும் ஏற்ற ஒரே வடிவம் என்று எதுவும் இல்லை என்று அன்று நிறுவப்பட்டது. பலகை விளம்பரங்களைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

ஃபிரௌட் கண்ட இன்னொன்று: நீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்தப் படகும் தன் முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகும்போது படகு தானே எழுப்பிய பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். அதற்குமேல் போக வேண்டுமானால் அந்த மேட்டில் ஏற வேண்டும், மனிதக் கைக்கு அது மிகக் கடினமான வேலை. இந்த எல்லை நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மீட்டரில் நீளத்தை எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.25ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். பத்தரை அடிப் பலகைக்கு, அதாவது 3.2 மீட்டருக்கு, மணிக்கு 8 கி.மீ. 14 அடிப் பந்தயப் பலகைக்கு 9.3 கி.மீ. மூன்றரை அடி நீளம் கூட்டியதற்குக் கிடைத்தது ஒன்றேகால் கி.மீ. மட்டுமே. ஏரியில் உல்லாசமாகப் போகிறவர் மணிக்கு 5 கி.மீ. வாக்கில்தான் போவார், இரண்டு எல்லையையும் அவர் தொடப் போவதில்லை. பந்தயத்துக்குப் பழகாதவருக்கு 14 அடி தேவையில்லை என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். திருச்சியில் ஒரு மாடிவீட்டுப் படிக்கட்டில் அதைத் திருப்பும் பாட்டை நினைத்தாலும் அதே முடிவுக்குத்தான் வருவோம்.

நீளத்தைவிடப் பெரிய விஷயம் அகலம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், நின்றுகொண்டு போகும் பலகையின் இயற்பியல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

மிதக்கும் பொருளைச் சற்றுச் சாய்த்தால், சாய்ந்த பக்கம் கூடுதலாக அமிழும். மேல்நோக்கித் தள்ளும் நீரின் விசை அந்தப் பக்கம் நகரும். நகர்ந்த விசை பொருளை நிமிர்த்தப் பார்க்கும். பொருளின் எடையோ மேலும் சாய்க்கப் பார்க்கும். யார் வெல்வார் என்பதை ஒரே ஒரு புள்ளியின் உயரம் தீர்மானிக்கிறது. 1746இல் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே அதற்கு மெட்டாசென்டர் என்று பெயரிட்டார். எடையின் மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் படகு தானே நிமிரும். மேலே இருந்தால் கவிழும். கப்பல் பொறியாளர்களின் முதல் பாடம் இது.

மெட்டாசென்டரின் உயரம் அகலத்தின் கனத்தை, அதாவது மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. அகலத்தை 10 சதவீதம் கூட்டினால் நிமிர்த்தும் தன்மை 33 சதவீதம் கூடுகிறது. நீளத்தை 10 சதவீதம் கூட்டினால் கிடைப்பது அதே 10 சதவீதம்தான். மாசி மாதம் ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் எழுந்தருளும் தெப்பம் ஏன் அவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதற்கும் இதுவே காரணம். உயரமான மண்டபம், விளக்குகள், பெருமாள், அர்ச்சகர்கள், நாதஸ்வரக்காரர்கள் என்று எடையெல்லாம் மேலே இருக்கிறது, வேகம் தேவையில்லை, ஆகவே அகலம், மேலும் அகலம்.

பலகைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர், 10 கிலோ பலகை; மொத்தம் 80 கிலோ. பலகை 3.2 மீட்டர் நீளம், 80 செ.மீ. அகலம். இவ்வளவு பரப்பில் 80 லிட்டர் நீரை விலக்க 4 செ.மீ. அமிழ்ந்தாலே போதும். நிற்கும் மனிதரின் எடை மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, பலகையின் அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் வருகிறது. முனைகள் குறுகியிருப்பதைக் கழித்துக்கொண்டால், மெட்டாசென்டர் 1.2 மீட்டர் வாக்கில் இருக்கும். வித்தியாசம் ஒன்றரைச் சாணுக்குள். அந்தச் சின்ன இடைவெளிதான் புதியவர் ஒருவரை நிற்க வைக்கிறது. அகலத்தை 70 செ.மீ. ஆக்கினால் மெட்டாசென்டர் 80 செ.மீ.க்கு இறங்கி, எடை மையத்துக்குக் கீழே போய்விடும். அந்தப் பலகை தானாக நிற்காது. பந்தய வீரர் அதில் நிற்கிறார் என்றால் அவருடைய கணுக்காலும் இடுப்பும் துடுப்பும் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்கின்றன. துடுப்பு நீருக்குள் இருக்கும்வரை அவருக்கு மூன்றாவது கால் ஒன்று உண்டு, அவ்வளவுதான்.

பரிசலுக்கும் அதே கணக்கைப் போடுங்கள். இரண்டு மீட்டர் விட்டம், ஆட்களோடு 500 கிலோ. அமிழ்வது 16 செ.மீ. போல. மெட்டாசென்டர் ஒன்றரை மீட்டருக்கும் மேலே. உட்கார்ந்திருப்பவர்களின் எடை மையம் அரை மீட்டருக்கும் கீழே. கவிழ்ப்பது கடினம். ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் இந்தக் கணக்கு முறிந்துவிடும். ஏறியதும் உட்காருங்கள், அசையாதீர்கள் என்று பரிசல்காரர் சொல்வது வெறும் கண்டிப்புக்காக அல்ல.

பலகையின் மேல் மண்டியிட்டால் எடை மையம் 30 செ.மீ.க்கு மேல் இறங்கும். காற்றோ அலையோ வந்தால் முதலில் செய்ய வேண்டியது அது. வெட்கப்பட ஏதுமில்லை, கட்டுமரக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் துடுப்பு போட்டார்கள்.

இனி நம் ஊர்த் தண்ணீருக்கு வருவோம். திருச்சிக்கு மேற்கே 18 கி.மீ. தூரத்தில் முக்கொம்பு. அங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் சரிவாகவும் நேராகவும் கடலுக்குப் போகும் வழி என்பதால் நீர் அந்தப் பக்கமே விழப் பார்க்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் வாய் மணல் மேடிட்டு, தஞ்சைக்குப் போக வேண்டிய நீர் கொள்ளிடத்தில் வீணானது. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். கிழக்கே 25 கி.மீ.க்கும் அப்பால் இரண்டும் மறுபடி நெருங்கி வரும் இடத்தில் கல்லணை. நடுவில் தீவு, தீவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும்.

பலகைக்காரருக்கு இந்த இரண்டு கிளைகளும் இரண்டு வேறு நீர்நிலைகள். காவிரி பாசனத்துக்கு ஓடுவது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறந்திருக்கும், அந்த மாதங்களில் கரைக்குள் அடங்கி ஓடும். கொள்ளிடம் வெள்ளத்துக்கென்று இருப்பது. ஆண்டின் பெரும்பகுதி மணல், நாணல், ஆங்காங்கே ஊற்றுநீர். வெள்ளம் வந்தால் ஒரே இரவில் கரை முட்டும். கொள்ளிடத்துக்கென்று ஒரு பலகையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது என்பது என் எண்ணம். நீர் இல்லாதபோது பலகை வேண்டாம், நீர் உள்ளபோது எந்தப் பலகையும் பாதுகாப்பில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை இந்த ஊர் மறந்திருக்காது.

காவிரியில் எந்த நாள் இறங்கலாம் என்பதைச் சொல்லும் எண் ஒன்று தினமும் பேப்பரில் வருகிறது. விவசாயிகள் பார்க்கும் அதே எண்: மேட்டூரிலிருந்து திறக்கப்படும் கன அடி. அதை வேகமாக மாற்றத் தெரிந்தால் போதும். 10,000 கன அடி என்றால் வினாடிக்கு 283 கன மீட்டர். அது 400 மீட்டர் அகலத்தில், ஒரு மீட்டர் ஆழத்தில் ஓடுவதாகக் கொண்டால் வேகம் மணிக்கு 2.5 கி.மீ. இப்போது நீரை மூன்று மடங்காக்குங்கள், 30,000 கன அடி. வேகம் மூன்று மடங்காகாது. நீர் ஆழத்தையும் எடுத்துக்கொள்ளும். ஆழம் இரண்டு மீட்டரை நெருங்கும், வேகம் 4 கி.மீ. ஆகும். மணிக்கு 5 கி.மீ. போகும் ஒருவர் முதல் நாளில் எதிர்த்து 2.5 கி.மீ. வேகத்தில் ஏறலாம். இரண்டாவது நாளில் ஒரு மணி நேரம் பாடுபட்டு ஒரு கி.மீ. ஏறுவார். அதற்குமேல் நீர் கூடினால் அவர் பின்னோக்கித்தான் போவார், பலகை எவ்வளவு நல்லதாக இருந்தாலும். ஆழமும் சரிவும் இடத்துக்கு இடம் மாறும். இந்த எண்கள் சராசரி. வளைவின் வெளிப்பக்கமும் பாலத்தூண்களின் இடுக்கும் இதைவிட வேகமாக இருக்கும். மேட்டூரில் திறந்த நீர் முக்கொம்பு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும், ஆகவே இன்றைய பேப்பர் நாளை மறுநாளின் ஆற்றைச் சொல்கிறது. பவானியும் நொய்யலும் அமராவதியும் கொண்டுவரும் நீரை அதனுடன் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும். அனுபவமுள்ள பரிசல்காரர்களே இறங்காத நாளில் பலகையை எடுத்துக்கொண்டு போவது தவறு.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆடியில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் மேற்குக் காற்று திருச்சியில் பலமாக அடிக்கிற மாதம் அது. காவிரியும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அதாவது புதுத் தண்ணீரும் ஆடிக் காற்றும் சேர்ந்து ஒரே திசையில் தள்ளும். நின்றிருக்கும் மனித உடம்பின் மேல் மணிக்கு 29 கி.மீ. காற்று கொடுக்கும் விசை ஏறக்குறைய 2.7 கிலோ எடைக்குச் சமம். சின்னதாகத் தோன்றும். ஆனால் துடுப்பு போடும் ஒருவர் நெடுநேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடிய தள்ளுவிசையும் அந்த அளவை ஒட்டியதுதான். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்கு. ஆகவே ஆற்றில் முதலில் மேற்கே, எதிர்த்துப் போக வேண்டும். களைத்தபின் ஆறு கொண்டுவந்து விடும். போகும்போது சுகமாக மிதந்து கிழக்கே போனவர்கள் திரும்ப முடியாமல் ஆட்டோ பிடித்து வரவேண்டியிருக்கும்.

ஏரிகள் வேறு மாதிரி. மாவடிக்குளம், கூத்தைப்பார் ஏரி, துவாக்குடிப் பக்கத்து ஏரிகள் எல்லாம் பாசனத்துக்காக ஒரு பக்கம் கரை கட்டித் தேக்கியவை. கரையோரம் ஆழம், எதிர்ப்புறம் முழங்காலுக்கும் கீழே. ஓட்டம் இல்லை. ஒரு கி.மீ. நீளத்துக்கு மேலே சொன்ன காற்று அடித்தாலும் எழும் அலை 13 செ.மீ. அளவுக்குத்தான் இருக்கும். இங்கே நீளமும் கூர்மூக்கும் தம் பலனைக் காட்டும். நீரைக் கிழித்து நேராகப் போகும், ஒரே பக்கம் சில துடுப்பு போட்டாலும் திசை அதிகம் மாறாது. ஆனால் ஏரியின் எதிரி ஆகாயத்தாமரை. பலகையின் அடியில் பின்பக்கம் மாட்டும் ஃபின் செங்குத்தாக நின்றால் அந்த வேர்கள் அதில் சுற்றிக்கொண்டு நகர விடாது. பின்னோக்கி நன்றாகச் சாய்ந்த ஃபின் என்றால் கொடி வழுக்கிப் போய்விடும். நீர்வளத் துறையின் அனுமதியும் உள்ளூர் மீன்பிடிக் குத்தகைக்காரரின் சம்மதமும் இல்லாமல் எந்த ஏரியிலும் இறங்கக் கூடாது. வலை விரித்திருக்கும் நீரில் பலகை ஓட்டினால் அவருடைய பிழைப்பு கெடும்.

ஆற்றுக்கு மூக்கு வேறு. உருண்டையான, சற்றே மேல்நோக்கி வளைந்த மூக்கு வேண்டும். கூர்மூக்கின் அடியில் இருக்கும் கத்தி போன்ற விளிம்பு, நான் முன்னே சொன்ன அந்த எதிர்நீர்க் கோட்டில் மாட்டிக்கொண்டு பலகையைத் திருகிவிடும். தட்டையான அடி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். வெளிநாடுகளில் பாறை நிறைந்த வெள்ளை நீரில் ஓட்டும் பலகைகளைப் பார்த்தால் 9 அடி, 90 செ.மீ. அகலம், இரு முனையும் தூக்கி வளைந்தவை. எவரும் பரிசலைப் பார்த்துச் செய்ததில்லை. இருந்தும் ஆறு அவர்களை வட்டத்தை நோக்கியே தள்ளியிருக்கிறது. காவிரி இங்கே பாறை ஆறு இல்லை, மணல் ஆறு. அவ்வளவு குட்டை தேவைப்படாது. ஆனால் மணல் திட்டுகள் உண்டு. 23 செ.மீ. ஃபின் கொண்ட பலகை முழங்கால் ஆழத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே திட்டில் தட்டி நிற்கும்; பலகை நிற்கும், மனிதர் நிற்க மாட்டார். ஆற்றுக்கு ஒரு சாணில் பாதி உயரமுள்ள, வளையும் ரப்பர் ஃபின் போதும். நேராகப் போவது கொஞ்சம் குறையும், பற்கள் தப்பும். அதே ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்களும் இருக்கின்றன. திட்டில் இறங்கி நடப்பவர் அடுத்த அடியில் ஆளுயரத்துக்கு மேல் ஆழத்தில் விழலாம். நீச்சல் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும்.

பலகையையும் மனிதரையும் இணைக்கும் கயிறு, லீஷ். கடலிலும் ஏரியிலும் அதைக் கணுக்காலில் கட்டுவது சரி. விழுந்தால் காற்று பலகையைக் கொண்டுபோகாது. ஓடும் நீரில் அதே பழக்கம் உயிரைக் கொல்லும். பலகை பாலத்தூணின் ஒரு பக்கமும் மனிதர் மறுபக்கமும் போனால் கயிறு தூணில் மாட்டும். மணிக்கு 4 கி.மீ. ஓட்டம் ஓர் உடம்பின் மேல் கொடுக்கும் விசை 30 கிலோவுக்கு மேல். குனிந்து கணுக்காலைத் தொட முடியாது, தலை நீருக்குள் போய்விடும். தூணில் அகலவாக்கில் ஒட்டிய பலகையின் மேல் 180 கிலோ அளவு விசை இருக்கும், இரண்டு பேர் சேர்ந்தாலும் பிரிக்க முடியாது. எனவே ஆற்றில் லீஷை இடுப்பில், ஒரே இழுப்பில் கழன்றுகொள்ளும் பெல்ட்டில் மட்டுமே கட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும், கழற்றிக் கழற்றிப் பழக வேண்டும். பலகை வாங்கும் பணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வேறு எதில் வேண்டுமானாலும் பிடியுங்கள், இந்த பெல்ட்டில் வேண்டாம்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கு அழகாக இருக்கும். அணையிலோ தடுப்புச் சுவரிலோ நீர் வழிந்து விழும் இடத்தின் அடியில் நீர் உருண்டு மேலே வந்து மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். அதில் மாட்டிய மரக்கட்டை மணிக்கணக்கில் அதே இடத்தில் உருளுவதைப் பார்க்கலாம். நுரையில் பாதி காற்று என்பதால் அங்கே மிதப்பும் குறைவு. லைஃப் ஜாக்கெட் கூட முழுதாகத் தாங்காது. சுவரின் உயரம் இரண்டு மூன்று அடி என்றாலும் இதே கதைதான். ஸ்ரீரங்கம் தீவின் தலையிலும் வாலிலும் அணைகள் இருக்கின்றன. முக்கொம்பின் இரு பக்கமும் கல்லணையின் இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியும் தூரம்வரை பலகைக்கு இடமில்லை. பாலங்களின் அடித்தளத்தைக் காக்கக் கட்டிய சுவர்கள் மேலிருந்து வரும்போது தெரியாது, ஒரு நேர்கோடாக நீர் மறைவது மட்டும் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் கரை ஏற வேண்டும். ஆகவே புறப்படும் முன் அந்தத் தூரத்தைக் கரையோரமாக நடந்து பார்த்திருக்க வேண்டும், அதுவும் நீர் குறைந்த மாதத்தில்.

இவ்வளவையும் சேர்த்து ஒரே பலகை வாங்க நினைக்கும் 60 முதல் 80 கிலோ எடையுள்ள திருச்சிக்காரருக்கு நான் சொல்வது: பத்தரை முதல் 11 அடி, அகலம் 82 முதல் 86 செ.மீ., உருண்டை மூக்கு, தட்டை அடி, மாற்றிப் போடக்கூடிய ஃபின் பெட்டி. ஏரிக்கு ஒரு சாய்ந்த ஃபின், ஆற்றுக்கு ஒரு குட்டை ஃபின். குழந்தையை முன்னால் உட்கார வைத்துப் போகிறவர் அகலத்தை இன்னும் கொஞ்சம் கூட்டலாம். ஏரியில் மட்டுமே, தினமும், உடற்பயிற்சிக்காக என்றால் 12 அடி, 76 செ.மீ., கூர்மூக்கு. காவிரிக்கு நல்ல காலம், பெருமழை இல்லாத நாட்களாகப் பார்த்து, டிசம்பர் பிற்பாதியும் ஜனவரியும். காற்று அடங்கியிருக்கும், நீர் அளவாக இருக்கும். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம் இறங்கும்போது பலகைக்கு அங்கே வேலையில்லை.

காற்றடைக்கும் பலகைகள் உள்ளே ஆயிரக்கணக்கான இழைகளால் மேலும் கீழும் தைக்கப்பட்டவை. 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில்தான் அவை கட்டையாக நிற்கும். 8 அல்லது 9 பி.எஸ்.ஐ.யில் பம்ப் அடிப்பதைக் கை நிறுத்தச் சொல்லும், நிறுத்தினால் பலகை நடுவில் தொய்ந்து, நாம் கணக்குப் போட்ட நீளமும் அகலமும் வேறாகிவிடும். முழு அழுத்தத்தோடு அதை வெயிலில் விடுவதும் கூடாது. 27 டிகிரியில் 15 பி.எஸ்.ஐ. அடைத்த பலகை சித்திரை வெயிலில், மணல்மேல், 60 டிகிரிக்குச் சூடானால் உள்ளே அழுத்தம் 18ஐத் தாண்டும். தையல் விடும், ஒட்டு பிரியும். தண்ணீரில் கிடக்கும்வரை ஆறு அதைக் குளிர வைக்கிறது. கரை ஏறியதும் வால்வைத் திறந்து இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. வெளியே விட்டுவிட்டுத்தான் மர நிழல் தேடிப் போக வேண்டும்.